தயிர்க் கிருமி தன் புளிப்பைத் தாங்குவது எங்ஙனம்?



2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் விடியற்காலையில் ‘தானே’ எனப் பெயரிடப்பட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் மஞ்சக்குப்பத்தில் அன்று பொழுது புலர்ந்தபோது தெருவை அடையாளம் காண்பதே அரிதாயிருந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து, கம்பிகள் வழியெங்கும் பின்னிக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் பட்ட பாட்டை இம்மாவட்டத்தார் இன்னும் மறந்திலர். மின்சாரம் பல நாள்கள் வரவில்லை.

புயலுக்கு முன்னே என் துணைவியார் இட்லிக்கு மாவரைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மின்சாரம் போகவே குளிர்பெட்டி வெறும் பெட்டியாயிற்று. சில நாள் கழித்து மாவைத் திறந்து பார்த்தபோது, அது பொங்கி அடங்கி, மேலே நீர் பிரிந்து, மூக்கைத் துளைக்கும் புளிப்போடு இருந்தது. இட்லிக்கு ஆகாத அந்த மாவில் சிறிது அரிசி மாவைக் கூட்டித் தோசையாக வார்த்து, அடுத்த வீட்டாரோடு பகிர்ந்து உண்டோம். கடைகள் திறவாத நாளில் அதுவும் விருந்தே.

அடுத்த வீட்டுப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி. தோசையில் ஒரு விள்ளல் வாயிலிட்டு முகத்தைச் சுளித்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சார், மாவைப் புளிக்க வைப்பவை கிருமிகள் என்று சொன்னீர்கள். புளிப்பில் கிருமிகள் வளர மாட்டா, அதனால்தான் ஊறுகாய் கெடுவதில்லை என்றும் சொன்னீர்கள். அப்படியானால் மாவைப் புளிக்க வைத்த கிருமிகள் அந்தப் புளிப்பிலேயே ஏன் சாகவில்லை?”

கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பாடம் சொல்லிப் பழகிய நான், “வேம்பிலே பிறந்த புழுவுக்கு வேம்பு கசக்குமா, அம்மா?” என்று விடை பகர்ந்தேன். உடனிருந்தோர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

பழமொழியைக் கொண்டு மாணவர் வாயை அடைத்தல் ஆசிரியர்க்கு எளிது. ஆனால் அது விடையாகாது. ஓய்வு பெற்ற பின்னர், ஓய்வாக நூல்களைப் புரட்டியபோது, அன்று நான் சொன்னது குறைபட்ட விடை மட்டுமன்று, பிழைபட்ட விடை என்றே உணர்ந்தேன். அக்கேள்விக்கு உரிய விடையை இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல விழைகின்றேன்.

நொதித்தல் என்பது யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் உண்ணும் சர்க்கரையை, மூச்சில் இழுக்கும் காற்றின் துணையால் முற்றும் எரித்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கி, பெருமளவு ஆற்றலைப் பெறுகின்றோம். தயிரிலும் மாவிலும் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வாறு செய்வதில்லை. அவை சர்க்கரையை அரைகுறையாக உடைத்துச் சிறிதளவு ஆற்றலைப் பெற்று, எஞ்சியதை வெளியே எறிந்துவிடுகின்றன. உயிரணுக்கள் தம் செலவுக்கு வழங்கும் நாணயம் ஒன்று உண்டு, அதனை ஏ.டி.பி. என்பர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றை முற்றும் எரிக்கும் நம் உடலுக்கு ஏறத்தாழ 30 நாணயங்கள் கிடைக்கும். அதே மூலக்கூற்றை லாக்டிக் அமிலமாக மாற்றும் தயிர்க் கிருமிக்கு 2 நாணயங்களே கிடைக்கும். வரவு சிறிதாதலின், வாழ்க்கையை நடத்த அது ஏராளமான சர்க்கரையை உடைத்தாக வேண்டும். உடைக்க உடைக்கக் கழிவும் ஏராளமாகக் குவியும். அக்கழிவையே நாம் தயிரின் புளிப்பு என்று சுவைக்கின்றோம்.

ஆகவே இவ்வுயிர்களின் நிலை இரங்கத்தக்கது. ஒரு வீட்டார் தம் வீட்டுக் கழிவைத் தம் வாயிலிலேயே கொட்டிக்கொண்டு, அதனை விட்டு அகலவும் இயலாமல் வாழ்வதை ஒக்கும் அது. அக்கழிவு அவற்றுக்குத் தீங்கு செய்யாது என்றே அன்று நான் சொன்னேன். உண்மையில் தீங்கு செய்கிறது. அதற்குச் சான்றுகள் உண்டு.

ஒன்று: 100 மில்லி லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 4.8 கிராம் பாற்சர்க்கரை இருக்கிறது. நன்கு உறைந்து புளித்த தயிரில் உண்டாகும் அமிலமோ 1 கிராம் அளவே. சர்க்கரையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அப்படியே எஞ்சியிருக்கிறது. இலையில் உணவு மிஞ்சியிருக்கும்போதே உண்பவன் எழுந்துவிட்டான் என்றால், அவனை எழுப்பியது பசியின்மை அன்று. வேறேதோ தடை என்று கொள்ள வேண்டும்.

இரண்டு: லாக்டிக் அமிலத்தை ஆலைகளில் உற்பத்தி செய்வோர் நொதிக்கும் கலத்தில் சுண்ணாம்புக்கல் தூளை இடுவது வழக்கம். 1857ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் லாக்டிக் நொதித்தலை ஆராய்ந்து, அது உயிர்களின் செயலே என்று அறிவித்தபோது, அவரும் இத்தூளைப் பயன்படுத்தினார். தூள் அமிலத்தை உடனுக்குடன் தணித்துவிடும். அவ்வாறு தணித்துக்கொண்டே இருந்தால், கிருமிகள் நிற்காமல் தொடர்ந்து சர்க்கரையை அமிலமாக்கும். தடையை நீக்கினால் வேலை தொடர்கிறது. ஆதலின் அமிலமே தடை என்பது தெளிவு. இங்கே ஓர் எச்சரிக்கை. பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறத்தில் தடவுவது நீறிய சுண்ணாம்பு. அது கடுங்காரமுடையது, கிருமிகளை வளரவொட்டாமல் தடுத்துப் பதநீர் கள்ளாகாமல் காப்பது. மேலே கூறிய தூளோ சாதுவானது. பெயரொற்றுமை கண்டு மயங்குதல் கூடாது.

மூன்றாவது சான்றை என் வீட்டு அடுக்களையிலேயே கண்டேன். மூன்று குவளைகளில் ஒரே அளவு இளஞ்சூட்டுப் பாலை ஊற்றி, ஒன்றில் அன்றையத் தயிரும், ஒன்றில் முந்தைய நாள் தயிரும், ஒன்றில் வெளியே வைத்துப் புளித்த நான்கு நாள் தயிருமாக ஒவ்வொரு கரண்டி உறை குத்தி வைத்தேன். முதல் இரண்டும் உரிய நேரத்தில் உறைந்தன. மூன்றாவது மிகத் தாமதித்து, நெகிழ்ந்த தயிராகவே உறைந்தது. தன் புளிப்பிலேயே நான்கு நாள் கிடந்த கிருமிகளுள் பல மாண்டன; எஞ்சியவை நலிந்தன. உறைக்குப் புதுத் தயிரே வேண்டும் என்று நம் இல்லத்தரசிகள் சொல்வது வெறும் வழக்கமன்று.

புளிப்பு அவ்வுயிரை எவ்வாறு தாக்குகிறது? நுண்ணுயிர் ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மதில்போல் சூழ்ந்துள்ளது. மின்னேற்றம் கொண்ட துகள்கள் அச்சவ்வை எளிதில் கடக்க மாட்டா. மின்னேற்றம் அற்றவை கடந்துவிடும். லாக்டிக் அமில மூலக்கூறு ஒன்று தன் ஹைட்ரஜனைத் தன்னோடு வைத்திருக்கும் வரையில் அதற்கு மின்னேற்றம் இல்லை. சுற்றுப்புறம் புளிக்கப் புளிக்க, இத்தகைய மூலக்கூறுகள் பெருகும். சுமையோடு வருபவனுக்கு மட்டும் திறக்கும் கதவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லாக்டிக் அமிலம் ஹைட்ரஜன் என்னும் சுமையோடு வந்து உள்ளே நுழைகிறது. உள்ளே புளிப்புக் குறைவாதலின், நுழைந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. சுமை இறங்கியபின் அது மின்னேற்றம் பெற்ற லாக்டேட் ஆகிறது. அதற்குக் கதவு திறவாது. இவ்வாறு உள்ளே இருவகைத் தொல்லை சேர்கிறது. இறக்கிவைத்த ஹைட்ரஜன் அயனிகள் உயிரணுவின் உட்புறத்தைப் புளிக்கச் செய்து நொதிகளைக் கெடுக்கின்றன. வெளியேற மாட்டாத லாக்டேட் குவிந்து நெரிசல் விளைக்கிறது.

இத்தொல்லையை அவ்வுயிர்கள் சமாளிக்கும் முறைகளை நான்காகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, இறைத்து ஊற்றுதல். ஓட்டை விழுந்த தோணியில் செல்பவன் ஒரு கையால் நீரை இறைத்துக்கொண்டே மறு கையால் துடுப்பை வலிப்பான். தயிர்க் கிருமியின் சவ்வில் நுண்ணிய இறைப்பொறிகள் பதிந்துள்ளன. உள்ளே புகுந்த ஹைட்ரஜன் அயனிகளை அவை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. ஆனால் இறைப்பதற்கு விலை உண்டு, ஏ.டி.பி. நாணயங்களைச் செலவிட்டே அப்பொறி இயங்கும். வெளியே புளிப்பு ஏற ஏற, வரவில் பெரும் பங்கு இறைப்புக்கே போய்விடும். வளரவும் பெருகவும் மிச்சம் இராது. இறுதியில் இறைத்தலே வாழ்வு என்றாகும். இறைக்கவும் பொருளின்றேல் தோணி மூழ்கும்.

இரண்டாவது, விட்டுக்கொடுத்தல். இதுவே எனக்குப் பெருவியப்பை அளித்தது. அமிலத்தன்மையை அளக்க அறிவியலார் பி.எச். என்னும் அளவுகோலைக் கையாளுகின்றனர். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஓர் எண் இறங்கினால் புளிப்பு 10 மடங்கு ஏறும். பாலின் அளவு 6.6 அல்லது 6.7, தயிரின் அளவு 4.5 அல்லது அதையொட்டியது. தயிரில் வாழும் ஓர் உயிர், ‘வெளியே எப்படியாயினும் ஆகுக, என் உட்புறம் 7 ஆகவே இருக்க வேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பதாகக் கொள்வோம். அப்போது கணக்கிட்டுப் பார்த்தால், வெளியே உள்ளதைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு செறிவில் அமிலக் கழிவு அதனுள் குவியும். அதுவே தன் உட்புறத்தை 5.5 வரை இறங்க விட்டுவிட்டால், குவியும் அளவு 8 மடங்காகக் குறைந்துவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது குவியல். லாக்டிக் அமிலக் கிருமிகள் இந்நுட்பத்துக்கு ஏற்ப அமைந்தவை. வெளியே புளிப்பு ஏறும்போது தம் உட்புறத்தையும் ஓரளவு புளிக்க விடுகின்றன. அப்புளிப்பிலும் பணிபுரியவல்ல நொதிகளைப் பெற்றிருக்கின்றன. வயிற்றுப்போக்கு முதலிய நோய் விளைக்கும் கிருமிகள் பலவும் உட்புறத்தை நடுநிலையிலேயே வைத்துக்கொள்ள முயல்கின்றன. அதனாலேயே புளிப்பில் அவை விரைவில் தளர்கின்றன.

மூன்றாவது, தணித்தல். சில கிருமிகள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். தயிரில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்பது யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும். அம்மோனியா காரமாதலின் புளிப்பைச் சிறிது தணிக்கும்.

நான்காவது, மதிலைச் செப்பனிடுதல். புளிப்பு மெல்ல ஏறும்போது கிருமிகள் தம் சவ்வின் கொழுப்பு வகைகளை மாற்றி, அதனை உறுதியாக்குகின்றன. உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் உரிய வடிவுக்குக் கொண்டுவரும் துணைப்புரதங்களையும் மிகுதியாக ஆக்குகின்றன. முன்னே மிதமான புளிப்பைக் கண்ட கிருமி, பின்னே வரும் கடும் புளிப்பை நன்றாகத் தாங்கும். திடீரெனக் கடும் புளிப்பில் விழுந்த கிருமியோ மாளும். அன்று நான் பழக்கம் என்று மழுப்பியதில் உண்மையின் சிறு கீற்று இருந்தது இந்த ஓரிடத்தில்தான்.

இந்நான்கு வல்லமையும் எல்லாக் கிருமிகட்கும் ஒரே அளவில் இல்லை. ஆதலால் ஒரு பானைக்குள்ளே ஆட்சி மாற்றம் நிகழ்கிறது. 1965ஆம் ஆண்டு முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலிய ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்து சேரும் கிருமிகளே மாவைப் புளிக்க வைக்கின்றன என்றும், அவற்றுள் லூக்கனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்பது வளி உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்வதில் தலைமை பெறுகிறது என்றும், பின்னர்ப் பீடியோகாக்கஸ் போன்றவை தலையெடுக்கின்றன என்றும் அவர்கள் கண்டனர். லூக்கனோஸ்டாக் இனம் புளிப்பை அவ்வளவாகத் தாங்காது. மாவைப் பொங்கச் செய்துவிட்டுத் தான் ஆக்கிய புளிப்பினாலேயே ஓய்ந்துவிடுகிறது. தாங்கவல்லவை பின்வந்து இன்னும் புளிப்பை ஏற்றுகின்றன. புயல் நாளில் எங்கள் மாவு பொங்கி அடங்கிப் பின் கடும் புளிப்பானதற்கு இந்த ஆட்சி மாற்றமும் ஒரு காரணமாதல் வேண்டும்.

இனி, புளிப்புத் தாங்காதபோது கழிவின் வகையையே மாற்றிக்கொள்ளும் ஒரு கிருமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம். காற்றுப் படாத இடத்தில் வாழ்வது. மாவுப்பொருளையும் சர்க்கரையையும் உண்டு, முதலில் அசெட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும் வெளியிடும். புளிப்பு ஏறி உயிருக்கு ஆபத்து நெருங்கும் நிலையில், வெளியிட்ட அமிலங்களை மீண்டும் உள்ளே எடுத்து, அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றி வெளியிடத் தொடங்கும். இவை புளிப்பற்ற பொருள்கள். ஆகவே சுற்றுப்புறத்தின் புளிப்புத் தணியும். அமிலம் மிக விரைவாகப் பெருகி, இம்மாற்றத்துக்குப் பொழுதில்லாமற் போயின், நொதித்தல் அடியோடு நின்றுவிடுதலும் உண்டு.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியராயிருந்த செயிம் வைஸ்மன் என்பார் இக்கிருமியைக் கொண்டு அசிட்டோன் எடுக்கும் முறையை வகுத்தார். முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்ய அசிட்டோன் இன்றியமையாததாய் இருந்தது. தானியத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பள்ளிச் சிறுவர்கள் குதிரைக் கஷ்கொட்டை என்னும் உண்ணத்தகாத கொட்டைகளைக் குவியல் குவியலாகப் பொறுக்கி அரசுக்கு அளித்தனர். அவர்தம் கைகள் பொறுக்கியது இக்கிருமியின் இரையே. இந்த வைஸ்மனே பின்னர், 1949இல், இஸ்ரேல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார்.

ஆயினும் அக்கிருமி ஒரு நஞ்சிலிருந்து தப்பி மற்றொரு நஞ்சில் விழுகிறது. பியூட்டனால் எண்ணெய்ப் பாங்கு உடையதாதலின் சவ்வின் கொழுப்பில் கரைந்து அதனைக் குழைத்துவிடும். மதில் ஒழுகத் தொடங்கும். ஒரு லிட்டரில் பியூட்டனால் ஏறத்தாழ 13 கிராம் சேர்ந்ததும் கிருமி வளராது நின்றுவிடும். அசிட்டோன் முதலிய எல்லாவற்றையும் கூட்டினாலும் 100 பங்கில் 2 பங்கே கிட்டும். எஞ்சிய 98 பங்கு நீரையும் மற்றவற்றையும் காய்ச்சிப் பிரிக்க விறகும் பொருளும் செலவாகும். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து இப்பொருள்கள் மலிவாகக் கிடைத்தபோது இத்தொழில் பல நாடுகளில் நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நுண்ணுயிர் எவ்வளவு நஞ்சு தாங்கும் என்னும் சிறு கேள்வியில் ஒரு தொழிலின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருந்தது.

இத்தகைய கேள்வி நமக்கு அண்மையிலும் உண்டு. மஞ்சக்குப்பத்திலிருந்து மேற்கே சென்றால் நெல்லிக்குப்பம். அங்கே பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை 1842ஆம் ஆண்டில் தோன்றியது. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை படிந்தபின் எஞ்சுவது கருநிறக் கழிவுப்பாகு. அதனை நீரில் கரைத்து ஈஸ்ட்டு என்னும் நுண்காளானை இட்டால், எஞ்சிய சர்க்கரை ஆல்ககாலாகிறது. அங்கும் இதற்கென வடிசாலை உண்டு. பொதுவாகக் கழிவுப்பாகை நொதிக்க வைக்கும் வடிசாலைகளில் ஆல்ககால் 100க்கு 8 முதல் 10 பங்கு அளவை எட்டும்போது நொதித்தல் தளரும். ஜப்பானியர் அரிசியிலிருந்து காய்ச்சாமலே ஆக்கும் சாகே என்னும் மதுவில் அது 20 பங்கு வரை செல்லும். ஈஸ்ட்டு தன் சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் பொருளைச் சேர்த்து மதிலை உறுதியாக்கிக்கொள்கிறது. அதனைச் செய்யச் சிறிது காற்று வேண்டும். எனவேதான் தொடக்கத்தில் ஈஸ்ட்டுக்குக் காற்று ஊட்டுகின்றனர்.

ஆல்ககால் ஆக்கும் கிருமியும் ஒன்றுண்டு. பனஞ்சாறு, தென்னஞ்சாறு முதலியவை புளித்துக் கள்ளாவதில் பங்கு கொள்ளும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்பதே அது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பினும், இக்கிருமி உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் போற்றி வளர்க்கப்படுகிறது. காரணம், கிருமியாயிருந்தும் 100க்கு 12 பங்கு அளவு ஆல்ககாலைத் தாங்குவது. எர்கோஸ்டெராலை ஒத்த ஹோப்பனாய்டு என்னும் பொருள்களைத் தன் சவ்வில் நிறைத்துக்கொண்டே இதனைச் சாதிக்கிறது. வேறு வேறு குலத்தில் பிறந்த இரண்டு உயிர்கள் ஒரே இடர்க்கு ஒரே வகையான மதிலை எழுப்பியிருத்தல் காண்க.

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஈஸ்ட்டைப் பற்றி ஓர் உண்மையை வெளியிட்டனர். நொதிக்கும் நீரில் பொட்டாசியம் உப்பைக் கூட்டி, புளிப்பையும் குறைத்தால், ஈஸ்ட்டு முன்னினும் மிகுதியான ஆல்ககாலைத் தாங்குகிறது என்பதே அது. ஆல்ககால் மதிலை ஒழுகச் செய்கிறது. ஒழுகும் மதிலின் இருபுறத்தும் பொட்டாசியத்தின் ஏற்றத்தாழ்வையும் ஹைட்ரஜனின் ஏற்றத்தாழ்வையும் காத்துக்கொள்ள உயிரணு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பும் புளிப்புக் குறைவும் அந்தச் சுமையை எளிதாக்குகின்றன. எனவே தயிர்ப் பானையிலும் வடிசாலைத் தொட்டியிலும் நடப்பது ஒரே போராட்டம்: ஒழுகும் தோணியும், ஓயாத இறைப்பும்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை கூறலாம். அவள் பெரியவளாகி இன்று வேற்றூரில் குடும்பத்தோடு வாழ்கிறாள். இவ்வுரை அவள் செவிக்கு எட்டுமாயின் மகிழ்வேன்.

அம்மா, வேப்பம்புழுவின் பேச்சை விட்டுவிடுவோம். மாவைப் புளிக்க வைத்த கிருமிக்குப் புளிப்புத் தீங்குதான். அது சாகாமல் இருந்தது புளிப்பு அதனைத் தீண்டாமையால் அன்று. தன் சிறு வருவாயில் பெரும் பங்கைச் செலவிட்டு, ஒவ்வொரு நொடியும் அதனை எதிர்த்து நின்றமையால். அந்த எதிர்ப்புக்கும் எல்லை உண்டு. எல்லை கடந்தால் அதுவும் சாகிறது. நீ கேட்ட இரண்டு செய்திகளும் முரண்பட்டவை அல்ல. புளிப்பு எல்லாக் கிருமிகட்கும் பகை. தயிர்க் கிருமி மற்றவற்றைவிட நெடுநேரம் அதனைத் தாங்கும். அந்த இடைவேளையில் மற்றவை தளர்ந்து விலக, பாலும் மாவும் அதற்கே உரிமையாகின்றன. தன்னையும் சுடும் ஒரு படைக்கலத்தைக் கொண்டு அது தன் நாட்டைக் காத்துக்கொள்கிறது.

இதிலிருந்து இல்லத்தார் கொள்ளத்தக்கவை சில உள. உறைக்குப் புதுத் தயிரையே பயன்படுத்துக. பாலை நன்றாகக் காய்ச்சிய பின்னரே உறை குத்துக. ஏனெனில் புளிப்பைத் தாங்கும் நோய்க்கிருமிகளும் சில உண்டு. தயிரின் புளிப்பு, காய்ச்சுதலுக்கு ஈடாகாது. மேலே பூஞ்சணம் படர்ந்த தயிரையும் மாவையும் மேலேட்டை எடுத்துவிட்டு உண்ணுதல் கூடாது. பூஞ்சணம் அந்த அமிலத்தையே உணவாக உண்டு புளிப்பைக் குறைத்துவிடும். காவல் நீங்கிய கோட்டைக்குள் எதுவும் புகலாம்.

ஆசிரியர்கட்கும் ஒரு சொல். மாணவர் ஒருவர் நாம் சொன்ன இரண்டு பாடங்களை அருகருகே வைத்து, இவை எங்ஙனம் பொருந்தும் என்று வினவுவாராயின், அவரே பாடத்தை உண்மையாகப் படித்தவர். அவருக்கு விடை தெரியாதபோது, ‘பார்த்துச் சொல்கிறேன், அம்மா’ என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. அவ்வொரு தொடரை அன்று நான் சொல்லியிருப்பின், இவ்விடை இத்தனை ஆண்டுகள் தாமதித்திராது.